திருச்செந்தூர் முதல் கன்னியாகுமரி வரை எலக்ட்ரிக் சைக்கிளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்செந்தூரில் கிளம்பி குலசேகரப்பட்டினம் (சுருக்கமாகக் குலசை), மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூடங்குளம், வட்டக்கோட்டை வழியாகக் கன்னியாகுமரி. கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடைசித் துண்டு, சுமார் 90 கி.மீ. காரில் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம், ஆனால் அப்படிக் கடந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் காற்றாலை, பனைமரம் என்பதற்கு மேல் எதுவும் வராது. இதே வழியை எலக்ட்ரிக் சைக்கிளில் போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் கீழே.

எலக்ட்ரிக் சைக்கிள் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஸ்கூட்டரையா?

இல்லை. பெடல் உள்ள சைக்கிள், அதில் ஒரு சின்ன மோட்டார், ஒரு பேட்டரி. மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து தள்ளும், மிதிக்க முடியாதபோது கைப்பிடியில் உள்ள த்ராட்டிலைத் திருகினால் தானாகவும் ஓடும். மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் இருந்து, முறையான அனுமதிச் சான்றோடு விற்கப்பட்ட வண்டி என்றால் நம் நாட்டுச் சட்டப்படி அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவெண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். அதற்கு மேல் வேகம் போகும்படி மாற்றி அமைத்த வண்டி என்றால் கதை வேறு, அதைச் சாலையில் எடுக்காதீர்கள். ஹெல்மெட் போடச் சொல்லி யாரும் நிறுத்த மாட்டார்கள், ஆனாலும் போடுங்கள். இந்தச் சாலையில் மீன் ஏற்றிய வேன்கள் விடியற்காலையில் பறக்கும்.

ஸ்கூட்டரில் போவதும் நல்ல பயணம்தான். ஆனால் ஸ்கூட்டரில் போகிறவர் நேராகப் போய்க்கொண்டே இருப்பார், அது அந்த வண்டியின் சுபாவம். இந்தக் கரைக்கு 15, 18 கி.மீ. வேகம்தான் சரி.

சென்னை–புதுச்சேரி சாலை இருக்கும்போது இவ்வளவு தூரம் எதற்கு வர வேண்டும்?

அந்தச் சாலை அழகுதான், மாமல்லபுரத்தைத் தாண்டிவிட்டால் இன்னும் அழகு. ஆனால் சனி ஞாயிறில் அங்கே சைக்கிளுக்கு இடம் கிடையாது. இங்கே போக்குவரத்து குறைவு, ஏற்ற இறக்கமும் பெரிதாகக் கிடையாது. அதைவிட முக்கியம், 90 கி.மீ.க்குள் நிலம் இத்தனை முறை மாறுவது. அலை வந்து மோதும் இடத்தில் நிற்கும் முருகன் கோயில், தேரி எனப்படும் செக்கச்செவேலென்ற மணல்மேடுகள், பனங்காடு, மணல்மேட்டின் உச்சியில் 16ஆம் நூற்றாண்டில் எழுந்த தேவாலயம், கண்ணுக்கு எட்டியவரை காற்றாலைகள், கடைசியில் குமரிமுனை. இவ்வளவையும் சைக்கிள் தூரத்தில் தரும் வேறு கரை தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

சாலையிலிருந்து கடல் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. வருகிறவர்கள் ஏமாந்து போவது இங்கேதான். கடற்கரைச் சாலை என்று பெயர் இருந்தாலும் அது பல இடங்களில் கடலிலிருந்து ஒன்றிரண்டு கி.மீ. உள்ளே தள்ளித்தான் ஓடுகிறது. முள்காடும் உடைமரமும் பனையும்தான் கண்ணில் படும். கடல் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஊருக்கும் இடது கைப்பக்கம் திரும்பி உள்ளே போக வேண்டும், போய்ப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பி வர வேண்டும்.

எலக்ட்ரிக் சைக்கிள் இங்கே பொருந்துவதே இதனால்தான். சாதா சைக்கிளில் வருகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் யோசிப்பார்: உள்ளே போய்த் திரும்பினால் 5 கி.மீ. கூடுதல், வெயில் வேறு, சரி அடுத்த ஊரில் பார்த்துக்கொள்வோம். அப்படியே எல்லா ஊரும் போய்விடும். மோட்டார் இருந்தால் அந்தத் தயக்கம் வராது. அதனால் பேட்டரியை வேகத்துக்குச் செலவழிக்காதீர்கள், உள்ளே திரும்பும் சாலைகளுக்குச் செலவழியுங்கள். நேர்சாலையில் மோட்டார் தரும் உதவியை ஒன்றாம் நிலைக்குக் குறைத்து நிதானமாக மிதித்துப் போங்கள். கீழே சொல்லும் மற்றதெல்லாம் மறந்தாலும் இது ஒன்று நினைவிருந்தால் பயணம் நன்றாக அமையும்.

எந்த மாதம் போகலாம்? எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

இரண்டும் ஒரே கேள்விதான், ஏனென்றால் இந்தக் கரையில் எல்லாவற்றையும் முடிவு செய்வது காற்று.

திருச்செந்தூரிலிருந்து குமரி தென்மேற்கே இருக்கிறது. மார்கழி பாதிக்கு மேல் மாசி வரை, அதாவது ஜனவரி, பிப்ரவரியில், வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். திருச்செந்தூரில் தொடங்கினால் அது முதுகில் கைவைத்துத் தள்ளும், பேட்டரி கணக்குக்கு மேல் நிற்கும். மழையும் ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. முதல்முறை போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்த இரண்டு மாதங்களையும் இந்தத் திசையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நேர் எதிர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழிப் பக்கம் இருக்கும் இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டுக்கொண்டு வரும். முப்பந்தலிலும் கூடங்குளம், ராதாபுரம் பக்கமும் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்தக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதிப்பது என்னவென்று கணக்காகவே சொல்கிறேன். காற்றே இல்லாத நாளில் 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். அதே வேகத்தில், எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால் உங்கள் உடம்பில் மோதும் காற்றின் வேகம் இரட்டிப்பாகிறது, ஆனால் தடை நான்கு மடங்காகிறது. 250 வாட் மோட்டார் அங்கே திணறிவிடும், 40 கி.மீ. ஓட வேண்டிய பேட்டரி 15, 20 கி.மீ.யிலேயே சிவப்பு காட்டும். ஆடியில்தான் லீவு கிடைக்கும் என்பவர்கள் குமரியில் தொடங்கி திருச்செந்தூரில் முடியுங்கள். அப்போதும் பக்கவாட்டில் அடிக்கும் காற்று இருக்கிறது, லாரி கடக்கும்போது சட்டென்று நின்று மறுபடி அறையும், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி போக வேண்டியிருக்கும்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18இல் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, சாலைகள் அறுந்தன, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. எல்லா வருடமும் அப்படிக் கொட்டாது, ஆனால் அந்தப் பருவத்தில் வானத்தை நம்பி சைக்கிளில் கிளம்ப முடியாது.

இன்னொன்று, திருவிழா நாட்கள். தைப்பூசத்தை ஒட்டி திருச்செந்தூர்ச் சாலைகள் முழுக்கப் பாதயாத்திரை பக்தர்கள் நடந்து வருவார்கள், இரவிலும் நடப்பார்கள். ஐப்பசியில் சூரசம்ஹாரம், நவராத்திரியில் குலசை முத்தாரம்மன் தசரா, இரண்டுக்கும் லட்சக்கணக்கில் கூட்டம். தசரா பார்க்க வேண்டிய திருவிழா, காளி, குறவன், போலீஸ் என்று வேஷம் கட்டிய பக்தர்கள் ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பெறுவதை வேறெங்கும் இந்த அளவில் பார்க்க முடியாது. ஆனால் அதற்கென்று தனியாக வாருங்கள், சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு.

பேட்டரி எவ்வளவு தூரம் வரும்?

கம்பெனி அட்டையில் போட்டிருக்கும் தூரத்தை விட்டுவிடுங்கள். பேட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர் என்றால் 360 வாட் அவர், பேட்டரிக்குள் அடங்கும் மின்சாரம் அவ்வளவு. நீங்களும் மிதித்துக்கொண்டு நடுத்தர உதவியில் போனால் ஒரு கி.மீ.க்கு 8 முதல் 12 வாட் அவர் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 30 முதல் 45 கி.மீ. மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் திருகிப் போனால் அதில் ஏறக்குறைய பாதி. விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் பேட்டரி இதைவிடச் சின்னது, அதை வைத்துக்கொண்டு இந்த வழிக்கு வருவதென்றால் இரண்டாவது பேட்டரி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

மூன்றில் ஒரு பங்கை எப்போதும் மிச்சம் வையுங்கள். கூடங்குளத்துக்கும் குமரிக்கும் நடுவே எதிர்காற்றில் பேட்டரி தீர்ந்தால், 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள சைக்கிளைச் சும்மா மிதிக்க வேண்டி வரும்.

சார்ஜ் எங்கே போடுவது?

சார்ஜிங் ஸ்டேஷன் தேட வேண்டாம், அது கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும். உங்களுக்கு வேண்டியது ஒரு சாதாரண பிளக் பாயிண்ட். கழற்றி எடுக்கக்கூடிய பேட்டரி உள்ள வண்டியாக இருக்க வேண்டும், இது கட்டாயம், லாட்ஜில் சைக்கிளை மாடிக்குத் தூக்கிப் போக முடியாது.

ஆனால் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். வண்டியோடு வரும் 2 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் சுமார் 80 வாட் அவர்தான் ஏற்றும். டீ குடிக்கும் அரைமணி நேரத்தில் போட்டால் கிடைப்பது 4 கி.மீ. அதற்காக ஒருவரிடம் கேட்டு, கம்பியை அவிழ்த்து, மறுபடி சுற்றி, பயனில்லை. மதியம் 11.30 முதல் 2.30 வரை வெயிலில் எப்படியும் போக முடியாது, அந்த மூன்று மணி நேரத்தை ஒரே இடத்தில் சாப்பாடு, ஓய்வு, சார்ஜ் என்று வைத்துக்கொண்டால் 20 கி.மீ.க்கு மேல் தேறும். பயணத்தையே அந்த மதிய நிறுத்தத்தைச் சுற்றி அமையுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். சாப்பிட்டு முடித்த பிறகு கேட்காமல், உள்ளே போகும்போதே "அண்ணாச்சி, இந்த பேட்டரிய கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கிடலாமா?" என்று கேளுங்கள். இந்தப் பக்கம் மாட்டேன் என்று சொல்கிறவர்கள் குறைவு. முழுதாக ஏற்றினாலும் அரை யூனிட் அளவுதான் ஆகும், சில ரூபாய் சமாசாரம், இருந்தாலும் 20 ரூபாயை நீட்டுங்கள். வாங்க மறுத்தால் கடலைமிட்டாய், தண்ணீர் என்று அங்கேயே ஏதாவது வாங்குங்கள். அப்புறம், வெயிலில் ஓட்டி வந்த பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அரைமணி நேரம் நிழலில் ஆறவிட்டுத்தான் சார்ஜரைச் செருக வேண்டும். பேட்டரி நீண்ட நாள் உழைக்க இதுதான் வழி.

எத்தனை நாள் வேண்டும்? எங்கே தங்கலாம்?

இரண்டு நாளில் முடிக்கலாம், மூன்று நாள் எடுத்துக்கொண்டால்தான் நிறைவாக இருக்கும். முதல் நாள் திருச்செந்தூரிலேயே தங்கி தேரி, உடன்குடிப் பக்கம் ஒரு சுற்று. இரண்டாம் நாள் குலசை, மணப்பாடு, பெரியதாழை, உவரி, உள்ளே போய்த் திரும்புவதையும் சேர்த்து 50, 55 கி.மீ. மூன்றாம் நாள் உவரியிலிருந்து குமரி, அதுவும் ஏறக்குறைய அவ்வளவே.

திருச்செந்தூரிலும் குமரியிலும் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை, கிருத்திகை, சஷ்டி, தொடர் விடுமுறை தவிர. நடுவில்தான் யோசிக்க வேண்டும். உவரியில் அந்தோணியார் கோயிலுக்கு வருகிறவர்களுக்காக அறைகள் உண்டு, செவ்வாய்க்கிழமையும் பிப்ரவரித் திருவிழாவின்போதும் நிரம்பிவிடும். அங்கே கிடைக்காவிட்டால் உள்ளே திசையன்விளைக்குப் போய்விடுங்கள்.

தேரிக்குள் சைக்கிள் ஓடுமா?

ஓடாது. குதிரைமொழித் தேரியின் மணல் அத்தனை மென்மை, சக்கரம் ஒரு சாண் புதைந்ததும் மோட்டார் சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு இறங்கும். தேரியின் ஊடாகத் தார்ச்சாலைகள் போகின்றன, அவற்றில் போங்கள், நிறுத்துங்கள், பூட்டுங்கள், நடந்து ஏறுங்கள்.

அந்த மணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு மணியிலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது, அந்தச் சிவப்பு அதுதான். கையைத் தட்டினாலும் ரேகைகளில் நிற்கும். காலை 7 மணிக்கு முன்னால் போனால் இரவில் காற்று வரைந்த வரிகள் மேல் கீரி, ஓணான், வண்டு ஓடிய தடங்கள் அப்படியே இருக்கும், எட்டு மணிக்கு மேல் காற்றும் ஆடுகளும் அழித்துவிடும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால் அந்த வறண்ட செம்மணலுக்கு நடுவே சுனையும் சோலையும் இருப்பதைப் பார்க்கலாம். மழையெல்லாம் மணலுக்குள் இறங்கி, அடியில் தேங்கி, தாழ்ந்த இடத்தில் ஊறி வருகிறது. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலும் பக்கம்தான், கார்த்திகைக் கடைசியில் நடக்கும் கள்ளர் வெட்டுத் திருவிழாவில் இந்தத் தேரி மணலைத்தான் மக்கள் வீட்டுக்கு அள்ளிப் போகிறார்கள்.

ஆடிக்காற்றில் தேரி மணல் தார்ச்சாலையில் படிந்து கிடக்கும், திருப்பங்களில் சக்கரம் வழுக்கும். அங்கே முன் பிரேக்கைப் பிடிக்கவே கூடாது.

மணப்பாட்டில் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

அரைநாள். ஒரே ஒரு ஊருக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் மணப்பாட்டைத்தான் சொல்வேன்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணற்குன்று. உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். சைக்கிளைக் கீழேயே நிறுத்திவிட்டு மேலே நடந்து போங்கள். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் திறந்த கடல் கொந்தளிக்கும், இன்னொரு பக்கம் குன்றின் மறைவில் வளைந்து கிடக்கும் குடாவில் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும், அதில் வள்ளங்கள். குன்றின் கடலோரச் சரிவில் ஒரு குகை இருக்கிறது, 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியது அங்கே என்பார்கள். செப்டம்பர் 14 திருவிழா.

மேலே போய்விட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டுங்கள். கொழும்பில் வியாபாரம் செய்த குடும்பங்கள் கட்டிய பழைய பெரிய வீடுகள் நிற்கின்றன, தேக்குக் கதவும் உயர்ந்த திண்ணையுமாக, பல பூட்டிக் கிடக்கின்றன. பனையோலைப் பெட்டி முடைகிற அக்காக்கள் இருக்கிறார்கள், வேண்டுமென்றால் நேராக அவர்களிடம் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள், ஒரு பெட்டிக்குள் எத்தனை மணி நேர வேலை இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். வலை பின்னுகிறவர், மீன் பிரிக்கிற பெண்கள், யாராக இருந்தாலும் அவர்கள் வேலை நேரத்தில் இருக்கிறார்கள்.

உவரியில்?

கப்பல் மாதா கோயில், பெயருக்கு ஏற்றபடி கப்பல் வடிவம். அந்தோணியார் திருத்தலம். சற்றுத் தள்ளி கடலோரத்தில் சுயம்புலிங்க சுவாமி கோயில், அங்கே பக்தர்கள் கடலிலிருந்து ஓலைப்பெட்டியில் மணல் அள்ளித் தலையில் சுமந்து வந்து கொட்டுவது நேர்த்திக்கடன். மூன்றையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம், நடுவே உள்ள தூரம் சைக்கிளுக்கு ஒன்றுமே இல்லை.

கரையில் மணலைக் கவனியுங்கள். அலை இழுத்துவிட்டுப் போன இடத்தில் கருப்பும் கருஞ்சிவப்புமாக வரிகள் கிடக்கும், இல்மனைட்டும் கார்னெட்டும். இந்தத் தாது மணலை அள்ளுவதற்கு 2013இல் அரசு தடை போட்டது. இந்தக் கரையின் அரசியலில் பாதி அந்த வரிகளுக்குள் இருக்கிறது.

கூடங்குளம் அணுமின் நிலையம், குலசை ராக்கெட் ஏவுதளம் பக்கமெல்லாம் நிறுத்தலாமா?

சாலையில் போகத் தடையில்லை, ஆனால் வேலி ஓரமாக நிறுத்தி கேமராவை எடுக்காதீர்கள், டிரோன் கொண்டு வரவே வேண்டாம். குலசையில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள், அந்தப் பக்கத்துக் கரையில் எங்கே விடுவார்கள், எங்கே விடமாட்டார்கள் என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டுப் போங்கள். கூகுள் மேப் காட்டும் மண்பாதையை நம்பாதீர்கள்.

இடிந்தகரைக்குப் போகலாம், போக வேண்டும். 2011இலிருந்து அணு உலையை எதிர்த்து ஊரே உட்கார்ந்திருந்த லூர்து மாதா கோயில் முன்னால் உள்ள இடம் அது. யாரையும் பேட்டி எடுப்பதுபோலக் கேட்காதீர்கள். டீ குடியுங்கள், அவர்களே பேசினால் கேளுங்கள்.

வழியில் கடலில் குளிக்கலாமா?

ஊர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில், அவர்கள் குளிக்கும்போது, முழங்கால் தண்ணீரில். அவ்வளவுதான். ஆளில்லாத அழகான கரையைப் பார்த்ததும் இறங்கத் தோன்றும், இறங்காதீர்கள். ஆளில்லாததற்குக் காரணம் இருக்கும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள், அது கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நேரம். தொலைதூரக் கடலில் எழும் புயலால் வரும் அலை அது, இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, திடீரென்று கரையேறும். திருச்செந்தூரில் கோயில் முன்னால் குளித்துவிட்டு பக்கத்தில் உள்ள நாழிக்கிணறு என்ற நன்னீர்க் கிணற்றில் ஊற்றிக்கொள்ளுங்கள், போதும்.

உப்புக்காற்று வண்டியைக் கெடுக்காதா?

கெடுக்கும், மூன்று நாளிலேயே செயினில் துரு தெரியும். தினம் மாலை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, செயினுக்கு எண்ணெய் போடுங்கள். பைப்பைப் பிடித்துப் பீய்ச்சி அடிக்காதீர்கள், தண்ணீர் மோட்டார் அச்சிலும் வயர் இணைப்பிலும் ஏறிவிடும். பேட்டரி உட்காரும் இடத்தில் உள்ள செம்பு முனைகளைத் தினமும் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் உலர்ந்த துணியால் தேய்த்துவிடுங்கள். வண்டி ஓடும்போது திடீர் திடீரென்று அணைந்து எரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான், மோட்டார் போய்விட்டது என்று பயந்துவிட வேண்டாம். அலை தொடும் ஈரமணலில் ஓட்டிப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், தயவுசெய்து வேண்டாம்.

பஞ்சர் சாமான், ஒரு டியூப், கைப்பம்பு கட்டாயம். கருவேல முள் இந்தப் பக்கத்தில் எல்லா ஓரத்திலும் கிடக்கிறது. பின்சக்கரத்தில் மோட்டார் உள்ள வண்டி என்றால் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதை வீட்டிலேயே ஒருமுறை பழகிவிடுங்கள், ஊர் சைக்கிள் கடையில் அந்த வயரைப் பார்த்ததும் கைவைக்கத் தயங்குவார்கள்.

என்ன சாப்பிடலாம்?

தை மாதமென்றால் பனங்கிழங்கு, கட்டுக்கட்டாகச் சாலையோரத்தில். மாசி, பங்குனிக்கு மேல் பதநீர், காலையில் சீக்கிரம் குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் சுவை மாறிவிடும். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது, அங்கேயே விசாரித்து வாங்குங்கள், சீனி கலந்ததும் விற்கிறார்கள். உடைத்த இடத்தில் பளபளவென்று சீனி மினுக்காமல் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் நல்லது. மதியச் சாப்பாட்டுக்குக் கடலோர ஊர்களில் அன்று என்ன மீன் வந்ததோ அந்தக் குழம்பு. ஊருக்கும் ஊருக்கும் நடுவே நீண்ட தூரத்துக்குக் கடையே இருக்காது, மூன்று லிட்டர் தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

அறுபது தாண்டிய அப்பாவையும் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. முப்பது வயது மகனும் அறுபத்தைந்து வயது அப்பாவும் ஒரே வேகத்தில் பேசிக்கொண்டே போக முடிகிற வாகனம் இது ஒன்றுதான். அவர் மூன்றாம் நிலை உதவியில் வருவார், நீங்கள் மோட்டாரை அணைத்துவிட்டு மிதிப்பீர்கள், இருவருக்கும் மூச்சு சமமாக வாங்கும். அவருடைய பேட்டரி முதலில் தீரும் என்பதால், ஒரே மாதிரி வண்டி இரண்டு எடுத்தால் மதியம் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். இதய நோய், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். முதல் நாள் அவரை வண்டியில் ஏற்றிச் சாலையில் விடாதீர்கள். பெடலை மிதித்த மறுநொடி வண்டி முன்னே பாயும், அது பழகக் காலி மைதானத்தில் ஒரு மாலை வேண்டும்.

சைக்கிளை அங்கே எப்படிக் கொண்டு போவது? வாடகைக்குக் கிடைக்காதா?

வாடகையை நம்பித் திட்டம் போடாதீர்கள், சொந்த வண்டியோடு வருவது நல்லது. விமானத்தில் தூத்துக்குடிக்கு வரலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், 160 வாட் அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கையிலும் கொண்டு போக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. சென்னையிலிருந்து திருச்செந்தூருக்கு நேரடி ரயில் இருக்கிறது, குமரியிலிருந்து சென்னைக்கும் இருக்கிறது, சைக்கிளைப் பார்சலில் பதிவு செய்யலாம். பேட்டரி பற்றி முன்கூட்டியே பார்சல் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள், கிளம்பும் நாளில் போய் நிற்காதீர்கள். மதுரை, நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்குக் காரின் பின்னால் மாட்டும் சைக்கிள் ஸ்டாண்ட் போதும். பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வையுங்கள்.

குமரியோடு நிறுத்த வேண்டுமா?

வட்டக்கோட்டையை விட்டுவிடாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குமரிக்குக் கொஞ்சம் முன்னால், திருவிதாங்கூர்க் காலத்துக் கோட்டை, மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகள். குமரியில் 133 அடி வள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள், படகு வரிசை நீளம் என்பதால் காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

கையில் இன்னும் ஒரு நாள் இருந்தால் மேற்கே போங்கள். மணக்குடி, ராஜாக்கமங்கலம் வழியாக முட்டம், 35 கி.மீ. அளவு. மணக்குடியில் 2004 சுனாமி தூக்கி எறிந்த பாலத்தின் இடத்தில் புதுப்பாலம், அதன்மேல் நிறுத்தினால் காயலும் கடலும் சேரும் முகத்துவாரம் தெரியும். நிலமே மாறிவிடும். பனைக்குப் பதில் தென்னை, மணலுக்குப் பதில் முட்டத்தின் செம்மண் மேடும் பாறைகளும். சாலை கடலை ஒட்டி வரும் இடங்களும் இங்கே அதிகம், ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வருவதால் டீக்கடைக்கும் பிளக் பாயிண்டுக்கும் கவலையில்லை. ஆனால் சாலை குறுகல், பஸ் அதிகம், சில இடங்களில் கடல் அரித்து, கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள், ஜூன், ஜூலையில் அலை சாலைக்கே வரும். குளச்சல் வரை போகிறவர்கள் 1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை வென்றதற்கான நினைவுத் தூணையும் பார்த்துவிடலாம். அங்கிருந்து நாகர்கோவில் 20 கி.மீ.க்குக் கொஞ்சம் கூட, சைக்கிளோடு ஊர் திரும்ப அந்த ரயில் நிலையமே வசதி.